முதலில் கெட்ட சேதி

அவர் என் அறைக்குள் வந்தால் நான் பேனாவை மூடி வைத்துவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொள்வேன். வருகிற சேதி எதுவாக இருந்தாலும் சாய்ந்து உட்கார்ந்து கேட்பது உடம்புக்கு நல்லது என்பது நான் அனுபவத்தில் கண்டது.

"மேடம், முதல்ல கெட்ட சேதியச் சொல்லிடறேன்."

இப்படித்தான் ஆரம்பிப்பார். வணக்கம் கிடையாது. வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. "ஏழாங் கிளாஸ் ஃபேன் ஆடுது, விழுந்தாலும் விழும். பசங்கள எழுப்பி வராந்தாவுல உக்கார வச்சிட்டேன். நல்ல சேதி என்னன்னா, வராந்தாவுல காத்து நல்லா வருது." கெட்ட சேதி ஒரு மூட்டை இருந்தால் நல்ல சேதி ஒரு பிடிதான் இருக்கும். ஆனால் அந்த ஒரு பிடியையும் சொல்லாமல் போகமாட்டார்.

ஸ்ரீரங்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் தலைமையாசிரியையாக இருந்த கடைசிச் சில வருடங்களில் அவர் அங்கே அறிவியல் ஆசிரியை. பாலக்கரையிலிருந்து பஸ் மாறி வருவார். புர்காவைக் கழற்றி ஸ்டாஃப் ரூம் கொக்கியில் மாட்டிவிட்டு, சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பிவிடுவார். உயரம் குறைவு. குரல் மட்டும் மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்கும். இப்போது கணவரோடு வளைகுடாவில் இருக்கிறார். அங்கே யாருக்கு என்ன சொல்லிக்கொண்டிருக்கிறாரோ தெரியாது.

நான் அவருக்கு நேர் எதிர். ஆயுசில் பாதியைப் பள்ளிக்கூடத்திலேயே கொட்டியவள். எதைச் சொல்வதானாலும் முதலில் உட்காரச் சொல்லி, காபி வரவழைத்து, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டு, கடைசியில் வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதுபோல் ஏற்றத் தெரிந்தவள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அப்படிப்பட்டவளிடம் இப்படிப்பட்டவரை யார் கொண்டுவந்து சேர்த்தார்களோ!

ஸ்டாஃப் ரூமில் யாராவது புதுச் சேலை கட்டி வந்தால் அவர் கண்ணில் படாமல் இருக்கப் பார்ப்பார்கள். "டீச்சர், இது சாயம் போகும், தனியாத் துவைங்க. கலர் அழகா இருக்கு." பெற்றோர் கூட்டத்தில் இன்னும் மோசம். மற்ற ஆசிரியர்கள் எல்லாம் "நல்ல பையன், இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணணும்" என்பார்கள். அதைக் கேட்டு எந்தத் தகப்பனுக்காவது ஏதாவது விளங்கியிருக்கிறதா? இவர் பையனையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "சயின்ஸ்ல இவன் தேறுறது கஷ்டம், இப்பவே சொல்லிடறேன். பொய் சொல்ல மாட்டான், கை வேலை நல்லா வரும்" என்பார். கேட்ட பெற்றோர் சிலர் முகம் சிவந்து என்னிடம் வந்து குதிப்பார்கள். அடுத்த கூட்டத்தில் பார்த்தால் அதே ஆட்கள் அவருடைய மேஜைக்கு முன்னால்தான் வரிசையில் நிற்பார்கள்.

மதிய இடைவேளையில் வளைகுடாவிலிருந்த கணவரோடு அவர் போனில் பேசுவதை ஸ்டாஃப் ரூமே கேட்கும். "அஸ்ஸலாமு அலைக்கும். மோட்டார் எரிஞ்சுபோச்சு. உங்க அக்கா கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. சின்னவனுக்குக் காய்ச்சல், இப்ப விட்டுருச்சு. நீங்க நல்லாருக்கீங்களா?" மறுமுனையில் அந்த மனிதர் சிரிக்கிற சத்தம் எங்களுக்கும் கேட்கும். நல்ல மனிதர்.

மீன் தொட்டி விஷயமும் இப்படித்தான் வந்தது. ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்தவர், மறுநாளே என் அறைக்கு வந்தார்.

"மேடம், முதல்ல கெட்ட சேதி. நான் சொல்லப்போறதுக்கு நீங்க சரின்னு சொன்னா மொட்டைமாடி ஒழுகினாலும் ஒழுகும்."

அக்வாபோனிக்ஸ் என்றார். எனக்குப் புரியவில்லை. என் மேஜையிலிருந்த தண்ணீர் டம்ளரையும் பேனா ஸ்டாண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்கினார். கீழே ஒரு தொட்டியில் மீன். மேலே ஜல்லி நிரப்பிய தொட்டியில் கீரை, தக்காளி, புதினா. மீன் தொட்டித் தண்ணீரை ஒரு சின்ன மோட்டார் ஜல்லிக்கு ஏற்றும். மீனின் கழிவு ஜல்லிக்குள் போய் செடிக்கு உரமாகும். செடி எடுத்துக்கொண்டது போகத் தெளிந்த தண்ணீர் மறுபடி மீனுக்கே இறங்கும். மண் வேண்டாம், உர மூட்டை வேண்டாம். வயலுக்குப் பாய்ச்சுகிற தண்ணீரில் சின்னப் பங்கு போதும். "ரெண்டு ஆத்துக்கு நடுவுல உக்காந்திருக்கோம். வெயில் காலம் வந்தா கேன் தண்ணி வாங்கறோம். இந்தப் பசங்க நாளைக்கு எதத் தின்னப் போறாங்கன்னு இப்பவே சொல்லிக் குடுக்க வேணாமா மேடம்?" என்றார். நான் சரி என்றேன். மொட்டைமாடியை மறந்துவிட்டேன்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டி அவர் பேசிய முதல் நாள் நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். வேறு யாராக இருந்தாலும் புதுமை, பசுமை, எதிர்காலம் என்று ஒரு சொற்பொழிவு ஆற்றியிருப்பார்கள். இவர் எடுத்த எடுப்பில், "முதல் ஒரு மாசம் ஒண்ணுமே நடக்காது. தண்ணி ஓடும், நீங்க பாப்பீங்க, அவ்ளோதான். பாதிப் பேருக்கு அலுத்துப்போகும். அலுத்துப்போறவங்க இப்பவே எந்திரிச்சுப் போயிடலாம்" என்றார்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"இன்னொரு கெட்ட சேதி. மீன் சாகும். நாம எவ்வளவு பாத்துக்கிட்டாலும் சிலது சாகத்தான் செய்யும். அழறவங்க அழலாம், தப்பே இல்ல. ஆனா அழுதுக்கிட்டே தண்ணியச் சோதிக்கணும்."

"எதுக்கு மிஸ் ஒரு மாசம் சும்மா ஓடணும்?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

"ஜல்லிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் குடிவரணும். பாக்டீரியா. மீனோட கழிவு விஷம், அத மாத்திச் செடிக்குச் சோறாக் குடுக்குறது அதுங்கதான். வாடகை கேக்காது, லீவு கேக்காது. ஆனா நாம கூப்பிட்ட உடனே வராது."

ஒரு மாதம் தண்ணீர் சும்மா ஓடியது. பிள்ளைகள் தினமும் படியேறிப் போய்ச் சும்மா ஓடுகிற தண்ணீரைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்கள். எனக்குத்தான் அலுத்துப்போனது. பிறகு ஜிலேபிக் கெண்டைக் குஞ்சுகள் வந்தன, நாற்று வந்தது, மழைக்காலம் முடிவதற்குள் கீரை கட்டுக் கட்டாக வந்தது. பறித்ததைப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று அவர் சொன்னபோதுதான் ரங்காவின் அம்மா பள்ளிக்கு வந்தார்.

ரங்கநாயகி என்கிற ரங்கா, உத்தர வீதியில் கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பத்துப் பெண். தண்ணீரைச் சின்னக் குழாயில் பிடித்துச் சொட்டு மருந்து விட்டு, நிறம் மாறுவதைப் பார்த்து, மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா எவ்வளவு என்று சொல்கிற வேலை அவளுடையது. அதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

"குழந்தை கீரை கொண்டு வரேன்னு குதிக்கறா. அது மீன் தொட்டி ஜலத்துல வளர்றதாமே?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

நான் முந்திக்கொண்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ஜல்லியில வடிகட்டி, சுத்தமான தண்ணியாத்தான் செடிக்கு..."

"இல்ல மாமி," என்றார் எங்கள் டீச்சர். "முதல்ல கெட்ட சேதியச் சொல்லிடறேன். மீனோட கழிவுதான் அந்தக் கீரைக்கு உரம். கீரை மேல மீன் படல. ஆனா மீன் இல்லன்னா அந்தக் கீரை இல்ல. நல்லா யோசிச்சுட்டு எடுத்துட்டுப் போங்க."

அந்த அம்மாள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "அப்போ எங்காத்துல தளிகைக்குச் சேத்துக்க மாட்டோம். பெருமாளுக்கு அமுது பண்றது அது. ஆனா குழந்தை இங்க இருந்து கத்துக்கட்டும். நீங்க மறைக்காம சொன்னேளே, அது போறும்" என்றார். போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. ரங்காவின் பங்குக் கீரை அன்றிலிருந்து சைக்கிள் ஸ்டாண்டு காவலாளியின் வீட்டுக்குப் போனது.

மொட்டைமாடி ஒழுக ஆரம்பித்தது அதற்குப் பிறகு. கீழே இருந்த வகுப்பறையின் கூரையில் ஒரு ஈரத்திட்டு தோன்றி, நாளாக ஆகப் பெரிதாகிக்கொண்டே போனது. எங்கள் பள்ளித் தாளாளருக்குச் சேதி போயிற்று. யார் சொல்லியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டீச்சரே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்து, "சொல்லிட்டேன் மேடம்" என்று என்னிடமும் சொன்னார்.

தாளாளர் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருந்தவர். நல்லவர், கொஞ்சம் அவசரக்காரர். தொட்டியை எடுத்துவிடுங்கள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நான் என் வித்தையெல்லாம் காட்டி, ஒரு தடவை வந்து கண்ணால் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு சொல்லுங்கள் என்று இழுத்துப் பிடித்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை வருவதாகச் சொன்னார். பெற்றோர்களையும் கூப்பிட்டோம். பிள்ளைகள் தொட்டியைச் சுற்றிக் கோலம் போட்டார்கள்.

அன்று டீச்சருக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு அறையில் மேற்பார்வை. அவர் மேலே வர முடியாமல் போனதில் எனக்கு உள்ளூர நிம்மதிதான். வந்தால் தாளாளரிடம் முதலில் கூரையைக் காட்டிவிட்டுத்தான் மீனைக் காட்டுவார்.

எல்லாம் அழகாகத்தான் நடந்தது. ரங்கா சொட்டு மருந்து விட்டுக் காட்டினாள். தக்காளி சிவந்து தொங்கியது. தாளாளர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார், முகம் மலர்ந்தது. கையிலிருந்த பெரிய பையைத் திறந்தார். பொரி.

வெள்ளிக்கிழமை தவறாமல் காவிரியில் அம்மா மண்டபத்துப் படித்துறையில் மீன்களுக்குப் பொரி போடுகிறவர் அவர். இன்றைக்கு அந்தப் பொரியை இங்கேயே கொண்டுவந்துவிட்டார். அவர் மட்டுமா? மீன் பார்க்க வாருங்கள் என்று கூப்பிட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் வெறுங்கையோடு வருவார்களா? பெற்றோரில் பாதிப் பேர் பையில் பொரிப் பொட்டலம் இருந்தது. ஆளுக்கு ஒரு கை அள்ளிப் போட, மீன்கள் துள்ளி வந்து வாயைத் திறக்க, குழந்தைகள் கைதட்ட, எல்லோரும் இன்னொரு கை போட்டார்கள். "சார், போதும் சார்" என்று ரங்கா இரண்டு தடவை சொன்னது எனக்கே கேட்டது. "வாயில்லா ஜீவனுக்குப் போடறது புண்ணியம், பாப்பா" என்று தாளாளர் பையைக் கவிழ்த்தார். தண்ணீரே தெரியாமல் வெள்ளையாகப் பொரி மிதந்தது. திங்கட்கிழமை முடிவைச் சொல்கிறேன் என்று சிரித்த முகத்தோடு இறங்கிப் போனார். எனக்கும் ஜெயித்துவிட்ட மாதிரிதான் இருந்தது. டீச்சர் தேர்வு முடிந்து விடைத்தாள் கட்டிக் கொடுத்துவிட்டு, பஸ்ஸை விட்டுவிடக் கூடாது என்று அப்படியே ஓடிவிட்டார்.

சனிக்கிழமை சிறப்பு வகுப்பு. காலையில் ரங்கா படிகளில் தடதடவென்று இறங்கி வந்தாள். "மிஸ், மீனெல்லாம் மேல வந்து வாயத் தெறக்கறது. சிலது சாஞ்சிடுத்து."

டீச்சருக்குப் பின்னால் நானும் மூச்சிரைக்க ஏறினேன். தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர்போல் இருந்தது. புளித்த நாற்றம். சில மீன்கள் வயிறு தெரிய மிதந்தன. மற்றவை வரிசையாக மேலே வந்து காற்றுக்கு வாயை வாயைத் திறந்தன. ரங்கா சோதித்த குழாயில் அதுவரை நாங்கள் பார்த்தே இராத கரும்பச்சை நிறம் வந்தது; அமோனியா அவ்வளவு ஏறியிருந்தது. போதாக்குறைக்கு அன்று மாதாந்திரப் பராமரிப்பு என்று சாயங்காலம் வரை கரண்ட் கிடையாது. மோட்டார் ஓடாது.

டீச்சர் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தார். பிறகு பிள்ளைகளைப் பார்த்துத் திரும்பினார்.

"முதல்ல கெட்ட சேதி. இது எல்லாமே செத்துப்போகலாம். நல்ல சேதி, இன்னும் சாகல. மிச்சப் பொரிய வலையால அரிச்சு எடுங்க. மூணுல ஒரு பங்கு தண்ணிய வெளியேத்திட்டு போர் தண்ணி விடணும். கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணி வேணாம், அதுல மருந்து இருக்கு. அப்புறம் ஆளுக்கு ஒரு மக் எடுங்க. தொட்டித் தண்ணியவே மொண்டு ஒசரத்துல இருந்து ஊத்திக்கிட்டே இருங்க. நம்ம கைதான் இன்னைக்கு மோட்டார். ஊத்த ஊத்தத்தான் காத்து உள்ள போகும்."

பிள்ளைகள் அழுதுகொண்டே ஊற்றினார்கள். நான் டீச்சரைத் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் தனியாகக் கூப்பிட்டேன். உறையூர்ப் பக்கம் இதே கெண்டைக் குஞ்சு வளர்த்து விற்கிற ஒருவரை எனக்குத் தெரியும். எல்லாம் பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கும்? தண்ணீரைச் சுத்தமாக மாற்றிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லாத நேரத்தில் புது மீனை விட்டுவிட்டால், திங்கட்கிழமை தாளாளருக்கும் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது. எல்லோருக்கும் சந்தோஷம். நல்ல யோசனைதான். இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மைதானத்துக்கே கேட்கிற அந்தக் குரல் மெதுவாக வந்தது.

"நான் காலேஜ் படிக்கறப்ப மதுரையில ஹாஸ்டல் மேடம். அத்தாவுக்கு, அதான் எங்க அப்பாவுக்கு, லேசாக் காய்ச்சல், வந்து பாத்துட்டுப் போன்னு போன் வந்துச்சு. புள்ள பஸ்ஸுல தனியா வருது, பதறிரும்னு நெனச்சு அப்படிச் சொல்லியிருக்காங்க. நான் சாவகாசமாக் குளிச்சு, சாப்பிட்டுக் கெளம்பினேன். இங்க பஸ் ஸ்டாண்டுல எறங்கி, காய்ச்சலுக்கு நல்லதுன்னு சாத்துக்குடி வாங்கினேன். பேரம் பேசினேன் மேடம். நின்னு பேரம் பேசினேன். வீட்டுக்குப் போனா வாசல் பூரா செருப்பு. காத்திருந்து பாத்துட்டு, அதுக்கு மேல வைக்க முடியாம, அடக்கம் பண்ணிட்டுத் திரும்பியிருக்காங்க. மொகத்தப் பாக்கல. உண்மையச் சொல்லியிருந்தா முதல் பஸ்ஸுக்கு ஓடியிருப்பேன்."

நான் பிள்ளைகள் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"நல்லது நெனச்சுத்தான் மறைச்சாங்க. எல்லாரும் நல்லது நெனச்சுத்தான் மறைக்கறாங்க. இந்தப் பசங்க இப்ப மீனப் பாத்து அழுதுக்கிட்டே வேலை செய்றாங்க பாருங்க. அவங்களுக்கு அந்த நேரமாவது கெடைச்சிருக்கு. சார் நம்பர் குடுங்க மேடம்."

கொடுத்தேன். பொரி என்ற வார்த்தையை மட்டும் சொல்லாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னேன்.

"சார், சயின்ஸ் டீச்சர் பேசறேன். முதல்ல கெட்ட சேதி. நேத்து போட்ட பொரியால மீன் செத்துக்கிட்டிருக்கு. நீங்க மட்டும் போடல, எல்லாரும் போட்டாங்க. ஆனா உங்க பை பெருசு."

நான் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"நல்ல சேதி என்னன்னா சார், இன்னும் நெறைய உசுரோட இருக்கு" என்றார் இவர். இணைப்பு அறுந்தது. தொட்டி போயிற்று, டீச்சர் வேலையும் போயிற்று என்று முடிவுகட்டிக்கொண்டு நானும் ஒரு மக்கை எடுத்து ஊற்ற ஆரம்பித்தேன்.

மார்க்கெட்டிலிருந்து வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரத்தில் தாளாளர் வந்துவிட்டார். தோளில் மண்டித் துண்டு அப்படியே இருந்தது. தொட்டியைப் பார்த்தார். ஒதுக்கி வைத்திருந்த செத்த மீன்களைப் பார்த்தார்.

"ஆத்துல எத்தனையோ வருஷமாப் போடறேன். ஒண்ணும் ஆனதில்லையே?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. பொரியால் இல்லை என்று யாராவது சொல்லமாட்டார்களா என்கிற மாதிரி கேட்டார்.

"ஆறு ஓடிண்டே இருக்கும் சார்," என்றாள் ரங்கா, ஊற்றுவதை நிறுத்தாமல். "இங்க மிச்சமான பொரி அழுகி, தண்ணியில இருக்கற காத்தையெல்லாம் எடுத்துண்டுடும். மீன் சாப்பிடற அளவுதான் போடணும். அதிகமாப் போட்டா அது மீனுக்குப் போடறது இல்ல, தண்ணிக்குப் போடறது."

அவர் முகம் விழுந்துவிட்டது. வெங்காய மண்டியில் அவர் குரலுக்கு எத்தனையோ பேர் நடுங்குவதை நான் பார்த்திருக்கிறேன். "புண்ணியம்னு போட்டேன்" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். பிறகு செருப்பைக் கழற்றினார், வேட்டியை மடித்துக் கட்டினார். "நான் என்ன செய்யணும் டீச்சர்?"

"ஊத்துங்க சார். ஒசரமா ஊத்துங்க."

கரண்ட் வருகிற வரை ஊற்றினோம். தாளாளர், நான், பிள்ளைகள், பிற்பகலில் மகளைத் தேடிக்கொண்டு வந்த ரங்காவின் அம்மா. மீன் தண்ணீரில் அந்த அம்மாள் கைவைக்கமாட்டார் என்று நினைத்தேன். மடிசார் நனைய நனைய ஊற்றினார்.

மோட்டார் ஓட ஆரம்பித்ததும் தாளாளர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். "டீச்சர், நானும் ஒரு கெட்ட சேதி சொல்லிடறேன். திங்கக்கிழமை காலையில மீன் பொழச்சிருந்தா, கீழ சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் எடம் தரேன், தொட்டியக் கொண்டாந்து வச்சுக்குங்க. எல்லாம் போயிருச்சுன்னா திரும்ப ஆரம்பிக்க விடமாட்டேன். என் கையால ஒரு தடவ செத்தது போதும். என்னால முடியாது."

"சரிங்க சார்" என்றார் டீச்சர். கெஞ்சவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் முறைபோட்டுக்கொண்டு வந்து தண்ணீரைச் சோதித்தார்கள், கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார்கள். டீச்சரும் வந்திருந்தார். நான் போகவில்லை, அந்தத் தைரியம் எனக்கு இல்லை. மாலையில் போன் பண்ணிக் கேட்டேன். "இன்னைக்கும் சிலது செத்துருச்சு மேடம். விடியக்காலையிலதான் தண்ணியில காத்து ரொம்பக் கொறையும். அதத் தாண்டிருச்சுன்னா பொழைச்சிரும். தாண்டுமான்னு தெரியல." ஒப்புக்குக்கூட ஒரு 'கவலைப்படாதீங்க' இல்லை. போனை வைத்துவிட்டு நான் சோற்றைப் பிசைந்தேன், சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கு இவ்வளவு சீக்கிரம் யாரும் வந்திருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு போனால், பூட்டிய கேட்டுக்கு வெளியே தாளாளர் நிற்கிறார். கொஞ்சம் தள்ளி ரங்காவும் அவள் அம்மாவும். "குழந்தை கண்ணே மூடலை" என்றார் அந்த அம்மாள். பாலக்கரையிலிருந்து டீச்சர் வந்து இறங்கினார். புர்காவைக்கூடக் கழற்றவில்லை. காவலாளி கேட்டைத் திறந்ததும் எல்லோரும் படிக்கட்டு வரை வேகமாக வந்துவிட்டு, அங்கே நின்றுவிட்டோம்.

"நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க டீச்சர்" என்றார் தாளாளர். ரங்காவும் அம்மாவின் கையை விடவில்லை. "நான் வரலை மிஸ்."

"பயமா இருந்தா இங்கயே இருங்க. நான் வந்து சொல்றேன்" என்று டீச்சர் தனியாக ஏறிப் போனார்.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. மேலிருந்து ஒரு சத்தமும் இல்லை. தாளாளர் படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். பிறகு செருப்புச் சத்தம் மெதுவாக இறங்கி வந்தது. திருப்பத்தில் டீச்சர் தெரிந்தார். கை முழங்கை வரை நனைந்திருந்தது. எங்களைப் பார்த்து வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. மூடிக்கொண்டார். மறுபடி திறந்தார்.

"சொல்லிடுங்க டீச்சர். எதுவா இருந்தாலும் தாங்கிக்கறேன்" என்றார் தாளாளர், உடைந்த குரலில். ரங்கா அம்மாவின் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்ம ஆரம்பித்தாள். டீச்சர் தலையை ஆட்டினார், தொண்டையைச் செருமினார், அப்போதும் ஒன்றும் வரவில்லை.

எனக்குத்தான் முதலில் விளங்கியது. எத்தனை வருடம் கேட்டவள் நான்! கெட்ட சேதியாக இருந்தால் இந்த மனுஷி மேல் படியில் நிற்கும்போதே சொல்லி முடித்திருப்பார்.

"ரங்கா, அழாதே, மேல ஓடு" என்றேன். "மீனெல்லாம் இருக்கு."